கல்லில் ஏறிய பேர்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பேர். இரண்டையும் சொல்லி அவரை நான் கூப்பிட்டது கிடையாது. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். "இந்தாங்க", "ஏங்க", "ஜெயந்தி அப்பா" என்ற மூன்றை வைத்தே இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தை ஓட்டிவிட்டேன். இங்கே எழுதத்தான் போகிறேன். எழுதினால் ஆயுசு குறையும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

பெற்றவர்கள் வைத்த பேர் செல்லசாமி. அடையாள அட்டையிலும், தோட்டத்தில் ஆள் வருகை போடுகிற செக்ரோலிலும், எங்கள் கல்யாணப் பதிவிலும், மகள் ஜெயந்தினியின் பிறப்புச் சான்றிதழிலும் இருக்கிற பேர் கஜேந்திரன். கஜேந்திரன் இவருடைய கூடப்பிறந்த தம்பி. அவன் செத்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது.

நாங்கள் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நான் ஜீவராணி, கொழுந்து பறிக்கிறேன். இவருக்கு ஸ்டோரில், பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மாடியில் வேலை. அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் திட்டமாட்டார், கோடரியை எடுத்துக்கொண்டு போய் விறகு பிளப்பார். என் வாய்க்கு எங்கள் வீட்டில் விறகுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

போன ஏப்ரலில் கிராம சேவகர் ஒரு சிங்களக் கடிதம் கொடுத்தனுப்பினார். ஜெயந்தினிதான் படித்துச் சொன்னாள். சண்டையில் செத்துப்போன இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டவுனில் கல் வைக்கிறார்களாம். மே மாதம் பேர்களை வாசித்து விளக்கேற்றுவார்களாம், குடும்பத்தார் வரவேண்டுமாம். இறந்தவர் செல்லசாமி, உறவு தம்பி கஜேந்திரன் என்று போட்டிருந்தது.

"அப்பா, பெரியப்பாவுக்குக் கல்லு வைக்கிறாங்களாம்" என்றாள் பிள்ளை. சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்து அவள் பிறந்ததிலிருந்து பெரியப்பா என்றுதான் கும்பிட்டு வந்தாள்.

இவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அது உனக்குப் பெரியப்பா இல்லம்மா. சித்தப்பா."

யாரிடமும், முக்கியமாகப் பிள்ளையிடம், சொல்வதில்லை என்று வைத்திருந்த பேச்சு அது. இவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். மிச்சத்தைப் பிள்ளைக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது.

தொண்ணூற்றைந்தில் நடந்தது. இவருக்கு இருபத்திரண்டு வயது, தம்பிக்குப் பத்தொன்பது. தகப்பன் இல்லை. அம்மா சண்முகவடிவு, என் அத்தை, மலையில் கொழுந்தெடுத்துத்தான் இரண்டு பேரையும் வளர்த்தாள். பெரியவருக்குப் பிறப்புப் பதிவு இருந்தது. சின்னவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் லயத்துக் காம்பராவிலேயே பிறந்து, இன்றைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்று பதியாமலே விட்டுப்போனவன். பேப்பர் இல்லாத பிள்ளையைச் செக்ரோலில் ஏற்றமாட்டார்கள். அதனால் அவன் அண்ணன் பேரில் வேலைக்குப் போவான். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, ஹட்டனில் படம் பார்க்கப் போனாலும் சரி, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் கணக்கப்பிள்ளை "செல்லசாமி" என்று கூப்பிட்டால் தம்பிக்காரன் "இருக்கேங்க" என்பான். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குப் போதும்.

இதை யாரும் தப்பாக நினைத்தது கிடையாது. பிள்ளை பெற்றவளுக்குப் பதில் தங்கச்சி போவாள், வைத்தியத்துக்குப் போனவனுக்குப் பதில் மச்சான் போவான். பேர் வெட்டுப்படாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். பேருக்கு ஒரு ஆள் நின்றால் சரி.

அந்த வருஷம் ஹட்டனில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இராணுவத்துக்கு ஆள் வேண்டும், சண்டைக்கு இல்லை, பங்கர் வெட்ட, மண் மூட்டை அடுக்க, சமைக்க என்று ஒரு தரகன் சொல்லித் திரிந்தான். இவர் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குச் சொல்லவில்லை. வரச்சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது வந்து சொன்னார். எங்களுக்கு அப்போது பேசி முடித்திருந்தது, தை மாதம் கல்யாணம்.

நான் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னேன்: "நீங்க போனா போங்க. பெட்டியில வந்தா நான் பார்க்க வரமாட்டேன்."

பாவி வாய். அதோடு இவர் ஆடிப்போய்விட்டார். போகாமல் இருந்தால் தேடி வருவார்கள் என்று ஒரு பயம், போனால் நான் இல்லை என்று ஒரு பயம். இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தார். மூன்றாம் நாள் தம்பிக்காரன் வாசற்படியில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டே சொன்னான்:

"பேருக்கு ஒரு ஆள் போனாச் சரிதானே அண்ணி. நான் போறேன்."

முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தோம். அடையாள அட்டைப் படத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரே களவாணி முகம், அண்ணனா தம்பியா என்று எவனுக்குத் தெரியப்போகிறது என்று நானே சொன்னேன். விடிய எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக் கட்டிக்கொடுத்தேன். அவன் பஸ் ஏறியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அத்தை ஊருக்குச் சொன்னது, மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை என்று. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் சொந்தங்கள் சிலர் வவுனியாப் பக்கம் குடியேறியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில்தான் இவன் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தான். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டோம்.

ஒரே ஒரு முறை லீவில் வந்தான். ஹட்டனிலேயே உடுப்பை மாற்றிக்கொண்டு, ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். ஆள் கறுத்து, தலைமயிர் ஒட்ட வெட்டி, எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. "அங்க செல்லசாமின்னு கூப்பிட்டா ஆரம்பத்துல திரும்பியே பார்க்கமாட்டேன் அண்ணி. அடி வாங்கி வாங்கி இப்பத் தூக்கத்துலயும் எழும்பி நிக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தான். அந்த நாலு நாளும் அண்ணனை "என்னப்பா கஜேந்திரா" என்று கூப்பிட்டுக் கிண்டல் பண்ணினான். வீடே கலகலவென்று இருந்தது.

அடுத்த வருஷம் வைகாசியில் பெட்டி வந்தது. திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட வந்த சிப்பாய்கள் லயத்து வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பெரியவர் கையில் இருந்த தாளைப் பார்த்து, செல்லசாமியின் தாய் யார் என்று கேட்டார். அத்தை முன்னால் போனாள். பிறகு அவர் இவரைப் பார்த்துச் சிங்களத்தில், தம்பியா என்று கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். ஆள் மாறாட்டம் தெரிந்தால் வீட்டோடு ஜெயில் என்று தோட்டத் தலைவர் அதற்கு முன்பே காதில் ஓதியிருந்தார். நான் தலையை ஆட்டினேன். இவரும் ஆட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து இவர் கஜேந்திரன்.

அத்தை பெட்டி மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள். சிப்பாய்கள் நிற்கிறார்களே, அவர்கள் காதில் விழுகிற மாதிரி "செல்லசாமி, என் ராசா செல்லசாமி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் செல்லசாமி பெட்டியின் தலைமாட்டில் உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பெற்ற தாய் தன்னைச் சொல்லி ஒப்பாரி வைத்ததைக் கேட்ட மனுஷன் இந்த உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் லயம் மூடிக்கொண்டது. பன்னிரண்டு வீட்டிலும் ஒருத்தர் மூச்சு விடவில்லை, எல்லாரும் இவரைக் கஜேந்திரன் என்று கூப்பிடப் பழகினார்கள். பிறகு பேப்பர் இல்லாதவர்களுக்குப் பதிந்து கொடுக்கிற நடமாடும் சேவை வந்தபோது வயது அத்தாட்சி எடுத்து அந்தப் பேரிலேயே அடையாள அட்டையும் வாங்கிக்கொண்டோம். தம்பி வந்த பிறகு என்று தள்ளிப்போட்டிருந்த எங்கள் கல்யாணத்தையும் அந்தப் பேரிலேயே பதிந்தோம். ஸ்டோரில் தினமும் அந்தப் பேரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அத்தை மட்டும் அதற்குப் பிறகு மகனை எந்தப் பேராலும் கூப்பிடவில்லை, "ஏம்பா" என்பாள். சாகக் கிடந்த நாளில்தான் கண்ணைத் திறந்து "கஜேந்திரா" என்றாள். இவர் குனிந்து "என்னம்மா" என்றார். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது ஜெயந்தினி அழுதுகொண்டிருந்தாள். இவர் விறகோடு உள்ளே வந்து, நிதானமாகச் சொன்னார், அந்தக் கல்லில் தம்பி பேரை வெட்டச் சொல்லப்போகிறேன் என்று. ஒரே ஒரு தடவை அவன் பேரை நாலு பேர் முன்னால் வாசித்துக் கேட்கவேண்டும், அதற்குப் பிறகு என்னை என்ன செய்தாலும் செய்யட்டும் என்றார்.

நான் விடுவேனா? பிள்ளைக்கு ஆசிரியர் நியமனம் வரப்போகிற நேரம். தகப்பன் பேர் பொய் என்றால் சான்றிதழ் பொய், சான்றிதழ் பொய் என்றால் வேலை எங்கே என்று கத்தினேன். என் வேலை கிடக்கட்டும், அப்பா சொல்லட்டும் என்றாள் பிள்ளை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவள் வாயையும் அடைத்தேன். செத்தவன் வந்து கேட்கப்போகிறானா என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே நெஞ்சு சுட்டது. இவர் அந்த வாரம் முழுவதும் விறகு பிளந்தார்.

மே மாதம் மூன்று பேருமாகப் போனோம். கறுப்புக் கல், பொன் எழுத்து. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பெரும்பாலும் சிங்களத் தாய்மார், வெள்ளைச் சேலையோடு. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு யார் என்று கேட்டார். கொழுந்தன் என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

ஒரு இராணுவக்காரர் மைக்கில் பேர்களை வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒருத்தர் எழும்பிப் போய் விளக்கேற்றினார்கள். ஏழாவதோ எட்டாவதோ, "செல்லசாமி" என்றார்.

இவர் விறைப்பாக எழும்பி நின்றார்.

"இருக்கேங்க."

பெரட்டில் சொல்கிற அதே சத்தம். இருபத்தொன்பது வருஷத்தில் அந்தப் பேரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டதும் மனுஷனுக்குத் தன்னை அறியாமல் வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசித்தவர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, மேடையிலிருந்து இறங்கி வந்து, என்ன சொன்னீர்கள் ஐயா என்று தன்மையாகக் கேட்டார். நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது.

இவர் என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்த அதே பார்வை.

நான் முந்திக்கொண்டேன். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தார் சேர், தாங்கமுடியாமல் ஏதோ உளறுகிறார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் இவருடைய தோளைத் தட்டிக் கொடுத்து, விளக்கேற்றக் கூட்டிக்கொண்டு போனார். இவர் தன்னுடைய பேருக்கு முன்னால் நின்று தன் கையாலேயே விளக்கேற்றினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மவுசாகலை அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். மஸ்கெலியா வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கும் என்னைய நிப்பாட்டிட்ட. இன்னைக்கும் நிப்பாட்டிட்ட, ராணி."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். சும்மா சொன்னார். அன்றைக்குப் பீலியில் நான் தடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கல்லில் இருப்பது சரியான பேராக இருந்திருக்கும். அது வேண்டும் என்று என்னால் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை கரும்பு கடித்துக்கொண்டு சொன்னபோது நான் சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, இரண்டு ரொட்டியும் சுட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். எங்களில் படைக்கும்போது செத்தவரைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடவேண்டும். அத்தை இருந்த காலத்தில் வருஷா வருஷம் படைத்தோம், ஒரு தடவைகூடப் பேர் சொல்லவில்லை. லயத்துச் சுவர் மெல்லிசு, யார் காதில் விழுமோ என்ற பயம். கூப்பிடாத சோற்றை அவன் எப்படி வந்து தின்றிருப்பான்?

ஜெயந்தினி சூடம் ஏற்றினாள். வருவது வரட்டும் என்று, பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி நான் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"கஜேந்திரா, வாப்பா. சாப்பிட வா."

வெளியே விறகு பிளக்கிற சத்தம் நின்றது.

"இந்தா வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே, கையில் கோடரியோடு, என் வீட்டுக்காரர் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.