தூதருக்கு எடுத்த ஆரத்தி

இரண்டு நாட்டு அரசாங்கங்கள் கைகுலுக்கிக்கொண்டால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒயர் பின்னுகிற பெண்ணுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். யுவராணிக்கு எல்லாமே வந்தது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் பஸ்களுக்கு வேண்டிய ஒயர்க்கட்டுகள் தயாராகின்றன. கடல் பல தாண்டியிருக்கும் ஒரு நாடு நமக்குச் செம்பு அனுப்பும், பதிலுக்கு நம் ஒயர்க்கட்டுகளை வாங்கிக்கொள்ளும் என்று பேச்சு தொடங்கியது. அது கையெழுத்தானால் கான்ட்ராக்டில் இருக்கும் பெண்கள் எல்லாரும் பர்மனென்ட் என்று மேனேஜர் பிரசன்னா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து யுவராணிக்கு வேறு நினைப்பே இல்லை.

இருக்காதா பின்னே? மினி லாரி ஓட்டிய புருஷன் அருள் வெளிவட்டச் சாலையில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். பட்டாபிராமில் வாடகை வீடு, பதினொன்றாவது படிக்கும் மகள் ரோஷினி. காரியத்தன்று பொட்டை அழிக்க வந்த உறவுக்காரிகளை, "எவ கையாச்சும் என் நெத்தியில பட்டுதுன்னா மரியாத கெட்டுரும்" என்று விரட்டியவள் அவள். பொட்டும் பூவுமாகத்தான் தினமும் ரயிலேறுவாள். எவளாவது சகுனம், தோஷம் என்று ஆரம்பித்தால், "போவியா, வேலையப் பாத்துகினு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அந்த நாட்டுத் தூதர் கம்பெனியைப் பார்க்க வந்தார். வாசலில் ஆரத்தி எடுக்க முத்தம்மாளை ஏற்பாடு செய்திருந்தார்கள். முத்தம்மாளும் யுவராணியும் ஒரே மேசையில் வேலை பார்ப்பவர்கள், மதியச் சோற்றையும் பங்கு போட்டுச் சாப்பிடுகிறவர்கள். அன்று காலையில் முத்தம்மாள் அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அடியே, நான் தூரமாயிட்டேன். சாமிக் காரியம் மாதிரி, நான் தொடக்கூடாது. தட்ட நீ எடுத்துரு."

"நானா? யாராச்சும் எதுனா சொல்லப் போறாங்கோக்கா."

"இன்னா சொல்லுவாங்கோ? நான் கீறேன் இல்ல? எடுடி."

எடுத்தாள். குங்குமம் வைத்ததும் தூதர் பச்சைக் குழந்தை மாதிரி சிரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அருள் போனபிறகு ஒரு நல்ல காரியத்தில் யுவராணியை யாரும் முன்னால் நிறுத்தியதில்லை. அன்றைக்கு அவளுக்கு மனசு கொள்ளாத சந்தோஷம்.

சில மாதத்தில் அந்த நாட்டில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் ஒப்பந்தத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். பிரசன்னா படித்துப் படித்து விளக்கினார். யார் காதில் ஏறியது? "தாலியறுத்தவ ஆரத்தி எடுத்தா வெளங்குமா?" என்று நாக்கில் நரம்பில்லாமல் ஒருத்தி ஆரம்பிக்க, தளம் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது. அட அநியாயமே! எங்கேயோ ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்கிய அரசாங்கத்தை இவள் கைத் தட்டு கவிழ்த்ததாம்! தட்டைக் கொடுத்தது நான்தான் என்று முத்தம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மதியம் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

மறு வருஷம் பேச்சு மறுபடியும் தொடங்கியது. தூதர் திரும்ப வருகிறார் என்று தெரிந்ததும், ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற யுவராணியிடம் முத்தம்மாள் வந்தாள்.

"யுவா, அல்லாரும் சொல்லியனுப்புனாங்கோ. அன்னிக்கு மட்டும் லீவு போட்டுரும்மா."

"தட்ட என் கையில குடுத்தது யாருக்கா?"

முத்தம்மாள் தண்டவாளத்தைப் பார்த்தாள். "நான்தான். அதான் எனக்கு பயமா கீது. இந்த வாட்டியும் புட்டுக்கிச்சின்னா உன்னக் கிழிச்சிருவாளுங்கோ."

யுவராணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போய் நின்றால் என்ன செய்துவிடுவார்கள் என்று வீறாப்பாகத்தான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அந்த நாட்டில் மறுபடி எதுவோ நடந்து கெட்டுப்போனால்? வேலை போய்விட்டால் ரோஷினியின் காலேஜ்? தூதர் வந்த அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. எல்லாரையும் போல அவளும் பர்மனென்ட். முத்தம்மாள் ஓடி வந்து அவள் வாயில் லட்டைத் திணித்து, கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நீ வராம இருந்த பாரு, அதாண்டி நம்ம அல்லாரையும் காப்பாத்திச்சி. நீ நல்லா இருப்ப!"

அதில் துளி கள்ளம் இல்லை. திட்டியிருந்தால் யுவராணி நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். கண்ணில் தண்ணீரோடு நன்றி சொல்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? லட்டை மென்றபடி மேசைக்குத் திரும்பினாள்.

அடுத்த வாரம் ரோஷினிக்குப் பன்னிரண்டாவது பொதுத்தேர்வு ஆரம்பம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றபடி கூப்பிட்டாள்.

"மா, டைம் ஆவுது. நல்ல காரியத்துக்குப் போறேன், எதிர்ல வாம்மா."

யுவராணி கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். நிலைப்படிக்கு உள்ளேயே கால் நின்றுவிட்டது.

"பக்கத்து ஊட்டு சரசா அத்தையக் கூப்புடு. அவங்க வரட்டும்."

"அவங்க எதுக்கு? நீ வாம்மா."

"சொன்னாக் கேளு கண்ணு," என்று சொல்லிவிட்டு யுவராணி கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.