காதுக்கல் எண்ணிய இருவர்

மீன் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில், வடக்கு பார்த்த அறையில் உட்கார்ந்து, இருபத்தாறு வருடமாக அவள் மீன்களுக்கு வயது எண்ணிக்கொண்டிருந்தாள். மீனின் தலைக்குள் காதுக்கல் என்று ஒன்று உண்டு. பயறளவில் வெள்ளையாக இருக்கும். அதைப் பிசினில் பதித்து, ரம்பத்தால் காகிதம்போல் மெல்லிசாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், அறுத்த மரத்தில் தெரிவதுபோல வளையம் வளையமாகத் தெரியும். வருடத்துக்கு ஒரு வளையம்.

கண் ஏமாற்றும் என்பதால் ஒரே கல்லை இரண்டு பேர் தனித்தனியே எண்ண வேண்டும். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியக் கூடாது. இது அந்த அறையின் சட்டம். இரண்டாவதாக எண்ணுகிறவர் அவளுடைய கணவர். வேலையில் சேர்ந்த புதிதில் எதைக் கேட்டாலும் "இருபத்தேழு சொச்சம்" என்றே சொல்லுவார். அதனால் கட்டடம் முழுக்க அவருக்குச் சொச்சம் என்றுதான் பெயர். மீன் வயசில் ஏது சொச்சம் என்று இவள் சண்டைக்குப் போனாள். அது கல்யாணத்தில் போய் முடிந்தது. மகளும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் பேச்சுத்துணை இவர்கள் இரண்டு பேர்தான். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசுவார்கள், எண்ணிக்கையைத் தவிர.

அந்த வருடம் ஆழ்கடலிலிருந்து இரண்டு வகை மீன்கள் வந்தன. ஒரே குடும்பம், ஒரே முகஜாடை, எலிவால்போல் மெலிந்து நீளும் ஒரே மாதிரி வால். கொஞ்சம் பெரியதை அண்ணன் என்றும் சிறியதைத் தம்பி என்றும் அறையில் கூப்பிட்டார்கள். எண்ணத் தொடங்கியதும் சிரிப்பாகிவிட்டது. அண்ணனுக்குப் பதினாறு, பதினேழு வயதுதான். தம்பிகளில் பலருக்கோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. தம்பி அவ்வளவு மெதுவாக வளர்கிறவன். அவனுடைய கல்லின் ஓரத்தில் வளையங்கள் தலைமுடி நுழையாத அளவுக்கு நெருங்கிக் கிடந்தன.

தகராறு வந்தது தம்பியால்தான். அண்ணன் மீன்களில் இருவர் கணக்கும் அச்சாகப் பொருந்தியது. தம்பியில் அவள் அறுபத்தொன்று என்றால் அவர் நாற்பத்தாறு என்று எழுதியிருந்தார். இப்படி ஒன்றல்ல, முப்பது கல். பட்டியலை ஒப்பிட்ட ஆய்வுத் தலைவி இருவரையும் கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. ஓரத்துல இல்லாத வளையத்தையும் சேர்த்து எண்ணுறீங்களோ?" என்று அவளைப் பார்த்துக் கேட்டாள்.

அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் நின்ற கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் அந்தக் கல்லையே திரும்பத் திரும்ப எண்ணினாள், அதே அறுபத்தொன்று. பிறகுதான் பட்டியலை வேறு விதமாகப் பார்த்தாள். இளசான தம்பி மீன்களில் அவர் கணக்கு சரியாக இருந்தது. கிழட்டு மீன்களில் மட்டும், ஓரம் நெருங்கும் இடத்தில் மட்டும், குறைந்தது. அவர் செய்தித்தாளை ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் படிப்பதும், டம்ளரைத் தொட்டுப் பார்த்து எடுப்பதும் அப்போதுதான் அவள் மனதில் பட்டன.

ஏழு வருடத்துக்கு முன்பும் தம்பி மீன் கொஞ்சம் வந்திருந்தது. அந்தப் பழைய தகடுகளில் பத்தை அலமாரியிலிருந்து எடுத்து, புது எண் ஒட்டி, அவர் தட்டில் கலந்து வைத்தாள். மாலையில், அத்தனை வருடத்தில் முதல் முறையாக, அவர் கணக்கு எழுதி மடித்து வைத்த சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். அன்று ஐம்பத்தெட்டு என்று எழுதிய அதே கல்லுக்கு இன்று நாற்பத்து மூன்று என்று எழுதியிருந்தார்.

வீட்டில் அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கல்லோட ஓரம் உங்களுக்குத் தெரியுதா?"

"வீட்டுல எண்ணிக்கை பேசக் கூடாது."

"நான் எண்ணிக்கைய பேசல. உங்க கண்ணப் பத்திப் பேசுறேன்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஒரு வருஷமா புகை போட்ட மாதிரி இருக்கு. நடுவுல நல்லாத்தான் தெரியுது. ஓரத்துக்குப் போகப் போக எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. உத்தேசமா எழுதிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. உன் எதிர்ல வேற யாரோ உக்காருவாங்க. அத நினைச்சாலே..."

"அதுக்காக, மேடம் என்னைய இல்லாதத எண்ணுறவள்னு சொன்னப்பகூட வாயத் திறக்கலையே நீங்க!"

"அங்கேயே சொல்லியிருக்கணும். தப்புதான்."

இன்னும் நாலு வார்த்தை கேட்க அவளுக்கு வாய் துடித்தது. ஆனால் தட்டில் கிடந்த பீன்ஸ் ஒன்று விரல் நீளம், ஒன்று நகத்தளவு. பாதிக்கு மேல் நார் உரிக்காமலே கிடந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பழைய தகட்டை உங்க தட்டுல கலந்து வச்சது நான்தான். சீட்டையும் பிரிச்சுப் பார்த்தேன்" என்றாள்.

"தெரியும். அந்த எண் உன் கையெழுத்து. அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது."

மறுநாள் காலையில் அவரே போய்த் தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பழைய தகடுகளை அவள் கலந்து வைத்ததைக்கூட விடவில்லை. தலைவி அவளையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவரிடம் கண் ஆஸ்பத்திரி விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். "சரியாகிற வரைக்கும் தம்பிங்க அலமாரியில இருக்கட்டும். அறுபது வருஷம் பொறுத்தவனுங்க, மூணு மாசம் பொறுக்க மாட்டானுங்களா?"

இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை அவள் சொட்டு மருந்து விட்டாள். ஒவ்வொரு தடவையும் மருந்து விழுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு திட்டு வாங்கினார்.

திரும்பி வந்ததும் தம்பி மீன் கற்கள் இருநூற்றுப் பன்னிரண்டையும் முதலிலிருந்து எண்ணினார். ஏறக்குறைய எல்லாம் அவள் கணக்கோடு பொருந்தின. அண்ணனையும் தம்பியையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பிடித்தால் தம்பி இனம் தாங்காது, அவன் இனம்பெருக்கும் பருவத்துக்கு வரவே இருபத்தைந்து வருடம் ஆகிறது என்று ஆய்வுக்கூடம் அரசுக்கு எழுதி அனுப்பியது.

அதை அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கல்லில் மட்டும் மூன்று வருட வித்தியாசம் நின்றது. அப்படி நின்றால் சேர்ந்து பார்க்கலாம் என்பது சட்டம். இருவர் பார்க்கும் நுண்ணோக்கியில் எதிரெதிரே குனிந்தார்கள்.

"சரி, நீ சொல்றதே இருக்கட்டும்" என்றார் அவர்.

"இருக்கட்டும் கிருக்கட்டும் எல்லாம் வேணாம். எண்ணுங்க."

அவர் நடுவிலிருந்து, நிதானமாக, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.