வேண்டாம் என்று ஒதுக்கிய சரக்குப் பெட்டி

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. பிரிப்பதற்கு முன்னால் கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து, பிரிக்கிறதை முழுக்கப் படம் எடுத்துக்கொண்டேன். உள்ளே செங்கல் இருந்தால் சாட்சி வேண்டுமே! செங்கல் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சரக்கு ரயில் பெட்டி இருந்தது. பழுப்புச் சிவப்பு வர்ணம், இரண்டு பக்கமும் கதவு, கதவில் வெளியிலிருந்து தாழ் போட, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கொண்டி. எடுத்தவுடன் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். வர்ணத்தில் கலக்கிற தின்னர் வாடை. அதைக்கூடவா மோந்து பார்ப்பார்கள் என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஓய்வு பெற்ற பிறகு, மாடி அறையில் கட்டில் அகலத்துக்குப் பலகை போட்டு, மீட்டர் கேஜ் காலத்துச் சங்கரன்கோவில் ஸ்டேஷனைச் சின்னதாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பேரன் பேத்திக்கா என்று கேட்கிறார்கள். எனக்குத்தான். இந்தப் பொழுதுபோக்கில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு காலத்தை எடுத்துக்கொண்டால், அந்தக் காலத்தில் அந்த ஊருக்கு வந்த எஞ்சினும் பெட்டியும் மட்டும்தான் பலகை மேல் நிற்கலாம். அழகாக இருக்கிறதே என்று எதையாவது வாங்கி நிறுத்தினால், கைபேசிக் குழுவில் இருக்கிற ரயில் பைத்தியங்கள் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார்கள்.

எஞ்சின் விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியவில்லை. கரி எஞ்சினில் பயணிகள் வண்டியை இழுப்பதற்குப் பெரிய சக்கரம் ஒரு பக்கத்துக்கு மூன்று. சரக்கு வண்டியை இழுப்பதற்கு நான்கு. நான்கு சக்கர எஞ்சினை வாங்கினேன். குழுவில் ஒருவர், உங்கள் ஊர்ப்பக்கம் அது வந்ததற்கு என்ன ஆதாரம் என்றார். எங்கள் அப்பாவையே கொண்டுபோன எஞ்சின் ஐயா அது என்று எழுதினேன். அதோடு அவர் வாயைத் திறக்கவில்லை. பெட்டி விஷயம் அப்படி முடியவில்லை. அதற்கு முதலில் அப்பாவைச் சொல்ல வேண்டும்.

அப்பா வத்தல் வியாபாரி. திருவேங்கடத்துப் பக்கம் கரிசலில் விளைகிற மிளகாய் வத்தலை வாங்கி, மூட்டை பிடித்து, ரயிலில் கொல்லத்துக்கு அனுப்புவார். கூட்டாளி ஞானமுத்து மாமா. உறவு ஒன்றுமில்லை, அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் இந்துக்கள். ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தோம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டு அச்சுமுறுக்கு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதையும் அப்பா மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்பார்.

யாரையும் நம்பாத மனுஷர் அவர். பால்காரர், தராசு, வானிலை அறிக்கை, ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. ரயில்வேயை அறவே நம்ப மாட்டார். வத்தலுக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். அதனால் காலிப் பெட்டி வந்து நின்றதும் அப்பா உள்ளே ஏறி, இதற்கு முன்னால் மண்ணெண்ணெய் ஏற்றினார்களா, உரமா, கருவாடா என்று மூலை மூலையாக மோந்து பார்ப்பார். பிறகு கதவை உள்ளேயிருந்து இழுத்து மூடிவிட்டு, கும்மிருட்டில் அண்ணாந்து நிற்பார். கூரையில் எங்கேயாவது ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே மழை ஒழுகும் என்று அர்த்தம். பெட்டி வேண்டாம். அவர் உள்ளே நிற்கும் நேரமெல்லாம் மாமா வெளியே கதவோரம் நிற்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தண்டவாளத்தைத் தாண்டி அந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். பூட்டாத பெட்டிக்கு எதற்குக் காவல் என்று சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் இரண்டு பெட்டிகள் வந்தன. முதல் பெட்டி ஒழுகும் என்று அப்பா ஒதுக்கிவிட்டார். இரண்டாவதைப் பார்த்துவிட்டு ஏற்றச் சொன்னார். மாமா ஆட்களை விட்டு ஏற்றிக்கொண்டிருக்கும்போது அப்பாவைக் காணவில்லை. சரக்கு கிளார்க்கோடு சண்டை போடப் போயிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது அன்றாடம் நடப்பதுதான். மூட்டைகள் ஏறின, சரக்கு வண்டி போயிற்று. ஒதுக்கிய பெட்டியையும் சேர்த்து மாட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். தலை முழுக்கக் கரித்தூள். வேண்டாம் என்று தானே ஒதுக்கிய பெட்டிக்குள் கடையநல்லூர் வரைக்கும் போயிருக்கிறார். அங்கே யாரோ சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துவிட்டார்களாம்.

ஊர் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. கொண்டி வெளியே போட்டிருந்தது. தான் இல்லாமலே சரக்கும் போயிற்று. அப்படியானால் இது திட்டம் போட்டுச் செய்த வேலை என்று முடிவு கட்டிவிட்டார். கொண்டியை யார் போட்டது என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்று மாமா சொன்னார். அதோடு கூட்டு முறிந்தது. ஒன்றாக இருந்த கடைக்கு நடுவில் சுவர் எழும்பியது. அப்பா இறந்தபோது மாமா வந்து தெருவிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்குள் இத்தனை வருஷமாக ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் வந்து இடித்த இடியில் கொண்டி தானாக விழுந்திருக்கலாமே! அப்படியென்றால் அப்பாவும் மாமாவும் இரண்டு பேருமே நல்லவர்கள். இப்போது பெட்டி வாங்கப்போனால், அந்தக் காலத்தில் இரண்டு வகை ஓடியிருக்கிறது. ஒன்றில் வீட்டுக் கதவு மாதிரி இரட்டைக் கதவு. மேலே தூக்கிவைத்த கொண்டி குலுங்கினால் விழும். இன்னொன்று தள்ளு கதவு. கொண்டியைக் கையால் தூக்கி மாட்டினால்தான் உண்டு. எனக்கு எது வேண்டுமோ அதை ஆதாரமே இல்லாமல் வாங்கிவிட்டேன். போன வாரம் வந்த இரட்டைக் கதவுப் பெட்டி அதுதான். பிறகு மனசு கேட்கவில்லை. அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. மகன் வீட்டில் இருக்கிறார். என் குரலைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். பெட்டியை வாங்கி, கதவை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது இல்ல. அது தள்ளுகதவுல்லா" என்றார். கொண்டியை விரலால் நெருடிவிட்டு, "நீ பொட்டியப் பத்தி கேக்க வரலட்டி. கொண்டியப் பத்தி கேக்க வந்திருக்க" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நாந்தான் போட்டேன். ஒதுக்குன பொட்டிக்கு ஒடனே கொண்டியப் போட்டுரணும், இல்லேன்னா ரயில்வேக்காரனுவ அதையே மாத்திக் கொண்டாந்து நம்ம தலையில கட்டிருவானுவன்னு அண்ணாச்சிதான் சொல்லிருக்காவ. கதவு மூடிக் கெடந்துச்சு, போட்டேன். உள்ள நிக்காவன்னு எனக்கு எப்படித் தெரியும்? எஞ்சின் பக்கத்துல நின்னு ஆவி விடுது, என்ன கத்துனாலும் கேக்காது."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லிருந்தா நம்பிருப்பாவளா?"

நம்பியிருக்க மாட்டார். எங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் மகள் அல்லவா நான்! எஞ்சின் எந்தப் பக்கம் நின்றது, மறுபக்கத்துக் கதவுக்கும் கொண்டி போட்டிருந்ததா என்று வக்கீல் மாதிரி குறுக்கே குறுக்கே கேட்டேன். மாமா கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அப்பா ஏன் ஒதுக்கிய பெட்டிக்குத் திரும்பிப் போனார் என்று கடைசியாகக் கேட்டேன்.

"ரெண்டாவது பொட்டி நல்லாருக்குன்னு நாந்தான் சொன்னேன்" என்றார் மாமா. "இவன் நல்லத ஒதுக்கவச்சு மோசத்த ஏத்துதானோன்னு அண்ணாச்சிக்குத் தோணிருக்கும். நான் வெளிய நிக்காம அண்ணாச்சி ஒருநாளும் பொட்டிக்குள்ள போயிக் கதவச் சாத்துனது கெடையாது. எனக்குக் காச்சல்னா அன்னைக்கு லோடு கெடையாது. அன்னைக்கு ஒருநாள்தான் எங்கிட்டச் சொல்லாமப் போனாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா என் பக்கம் திரும்பாமல் பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

தள்ளுகதவுப் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனில் இப்போது அகலப்பாதை. மின்சார எஞ்சின் சத்தமில்லாமல் வந்து போகிறது. வத்தல் மூட்டை ஏற்றிய கொட்டகை இல்லை. வத்தல் லாரியில் போகிறது, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அப்பாவிடமிருந்து சந்தேகம் குறைவில்லாமல் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெளியே ஒருவரை நிறுத்திவிட்டு, அவரை நம்பி இருட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாரே, அது வரவில்லை. அது அவர்கள் இரண்டு பேரோடு முடிந்துவிட்டது.