வேறொரு வருஷத்தின் பாடங்கள்

நெடுமங்காட்டைத் தாண்டியதும் ஆடி மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஒதுங்கவில்லை. எனக்கு முன்னால் நடந்தவர் போனக்காட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வேலை இன்னும் அவருடையதுதானா என்பது மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். அன்று காலை திருவனந்தபுரத்தில் பரீட்சை முடிவு ஒட்டியிருந்த சுவரில் அவருடைய நம்பரைத் தேடினோம். மேலிருந்து கீழே பார்த்தோம், கீழிருந்து மேலே பார்த்தோம். இல்லை. நான் இன்னொரு தடவை பார்க்கப் போனபோது அவர் ரோட்டில் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார். நானும் பின்னாலேயே போனேன். ஊரில் எனக்கும் அன்று முதல் படுக்க இடம் கிடையாது.

அவர் கல்குளம் பக்கத்து வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். என் வயதுதான் இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்குச் சர்க்கார் கிராண்ட் தொடர வேண்டுமானால் பரீட்சை பாஸான வாத்தியார் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். தோட்டத்துத் துரை இவருக்கு ஒரு வருஷம் தவணை கொடுத்தார். பாஸாகாவிட்டால் வேலை போகும். வேலையோடு கிடைத்த வீடும் போகும். அந்த வீட்டில் அவர் மனைவி நிறைமாதமாக இருந்தாள்.

தம்பானூரில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு மாடியில் நடந்த டுட்டோரியலில்தான் அவரை எனக்குத் தெரியும். அங்கே நான் கீழ்வகுப்புப் பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன், பெஞ்சு துடைத்தேன், தண்ணீர் எடுத்து வைத்தேன். அதற்கு முன் ஹோட்டலில் மாவாட்டியிருக்கிறேன், அச்சாபீசில் மை பூசியிருக்கிறேன், பூவாறில் வள்ளம் தள்ளியிருக்கிறேன். தேர்டு பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நான் படித்த இடத்தில் சரித்திர வாத்தியார் ஒவ்வொரு வருஷமும் முதல் ராஜாவிலிருந்து தொடங்குவார். அவருக்குப் பிடித்த யுத்தம் வந்ததும் அங்கேயே தங்கிவிடுவார். மார்ச் மாதம் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையும் நான் பார்த்ததில்லை. பரீட்சைக் கேள்விகள் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கங்களிலிருந்துதான் வந்தன.

டுட்டோரியலை நடத்தியவர் தஞ்சாவூர்க்காரர், பி.ஏ. படித்தவர். நல்ல குரல். செய்யுளை அவர் பிரித்துச் சொன்னால் கீழே ஜட்கா வண்டிக்காரன்கூட நின்று கேட்பான். சர்க்கார் அச்சிட்ட பாடத்திட்டம் ஒரே ஒரு பிரதி, அவருடைய மேஜை டிராயரில் இருந்தது. அதில் இந்த வருஷத்துக்கு இன்ன புத்தகம், அடுத்த வருஷத்துக்கு இன்ன புத்தகம் என்று இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பரீட்சை சித்திரைக் கடைசியில். திருவிதாங்கூரில் சர்க்கார் கணக்கெல்லாம் கொல்லம் ஆண்டு. அது ஆவணியில் பிறப்பது. சித்திரைக் கடைசி என்றால் நடப்பு ஆண்டில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த அவருக்கோ சித்திரை பிறந்தால் வருஷம் பிறந்தது.

கரமனைப் பையன் ஒருவன் இதைப் பற்றிச் சந்தேகம் கேட்டிருக்கிறான். "சித்திரை பொறந்தப்பறம்தானேடா பரீட்சை? அப்போ புது வருஷப் பாடம்தான். சிலபஸ் என் கையில இருக்கு, உனக்கென்னடா கவலை?" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார். அவர் ஆபீசில் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். தோட்டத்து வாத்தியாருக்கு மாதத்தில் ஒருநாள்தான் கீழே வர முடியும். சொன்ன செய்யுளை எழுதிக்கொண்டு மலையேறுவார், அடுத்த மாதம் அதை மனப்பாடமாக்கிக்கொண்டு வருவார். அந்த அச்சிட்ட தாளை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

பரீட்சை ஹாலில் தமிழ்ப் பேப்பரைத் திருப்பியபோதுதான் தெரிந்தது. கேட்டிருந்த செய்யுள் ஒன்றையும் அவர் படித்திருக்கவில்லை. இலக்கணத்தையும் கட்டுரையையும் எழுதிவிட்டு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அந்த வாரமே தஞ்சாவூர்க்காரர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ரயிலேறினார். அவரை மோசக்காரர் என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததை மனதாரச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பாடத்திட்டம் வாத்தியாருடைய டிராயரில் மட்டும் இருந்தால், அவர் தப்புச் செய்யும்போது தடுத்துப் பிடிக்க ஆள் இருக்காது. முதல் நாளே அதைச் சுவரில் ஒட்டியிருந்தால் கரமனைப் பையன் வாய் திறக்கக்கூட வேண்டாம், விரலை வைத்துக் காட்டியிருப்பான். மாடிக்குச் சொந்தக்காரர் முடிவு வரும்வரை என்னை அங்கே படுக்கவிட்டார். முடிவு வந்த காலையில் சாவியை வாங்கிக்கொண்டார்.

விதுரையில் ஒரு சாயாக்கடையின் சாய்ப்புக் கூரைக்கடியில் படுத்து எழுந்து மறுநாள் மலையேறினோம். வழியெல்லாம் அட்டை. குனிந்து பிடுங்கிப் போட்டுக்கொண்டே ஏறினோம். பாதி மலையில் அவர் திடீரென்று செய்யுள் சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் அந்தத் தவறான வருஷத்துச் செய்யுள்கள். பதவுரையும் சேர்த்து, ஓர் இடத்திலும் தடுக்காமல் சொன்னார்.

"கேட்டீராவே? ஒரு வரி பிசகலை. வாற வருஷம் இதுதான் பாடம். எழுதினா முதல் மார்க் எனக்குத்தான்."

எழுத வேண்டியதுதானே என்றேன்.

"எந்த வீட்டுல இருந்து படிச்சு எழுத?"

அதற்குமேல் அவர் செய்யுள் சொல்லவில்லை. மனைவியிடம் முதலில் சொல்வதா, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் முதலில் சொல்வதா என்று மட்டும் ஒருமுறை கேட்டார். முதலில் கணக்கப்பிள்ளையைப் பார்ப்போம், அவர் ஏதாவது வழி சொல்வார், அதையும் சேர்த்து மனைவியிடம் சொல்லலாம் என்றேன். சரி என்றார்.

ஆபீசில் கணக்கப்பிள்ளை எங்களைக் கண்டதுமே, "தோற்று, அல்லே?" என்று மலையாளத்தில் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. துரை முன்பே சொல்லிவைத்திருந்ததை வரிசையாகச் சொன்னார். வாத்தியார் வீட்டைச் சனிக்கிழமைக்குள் ஒழித்துக் கொடுக்க வேண்டும். மழையில், இந்த நிலையில் மனைவியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று இவர் கேட்டார். கூலிக்காரர் குடியிருக்கும் லைனில் பாதி அறை ஒன்று காலியாக இருக்கிறது, கூலிக்குப் பேர் கொடுத்தால் தரலாம், பிரசவம் ஆனபின் அவளும் கொழுந்தெடுக்க வர வேண்டும் என்றார் அவர். இவர் பேர் கொடுத்தார். கணக்கப்பிள்ளை பேரேட்டில் கூலிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அதே பேர் அதுவரை வேறொரு பக்கத்தில், வாத்தியார் சாருடைய பேராக இருந்தது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் கேட்டபோது, கிராண்ட் இல்லாமல் வாத்தியார் எதற்கு என்றார். தாய்மார் மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் காலடியில் கிடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும், அவனுக்கும் கூலிச் சம்பளம்தான். என்னை ஏறஇறங்கப் பார்த்தார். "இயாளுக்கு எழுத்து அறியுமோ?"

அறியும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். கூட வந்தவன் வேலையை அவன் எதிரிலேயே எடுப்பது எனக்கு அத்தனை சுலபமாக இல்லை.

வீட்டில் அவர் மனைவி எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அழவில்லை. லைன் அறை எந்தப் பக்கம், கூரை ஒழுகுமா என்று மட்டும் கேட்டாள். கஞ்சி ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள்.

விடிவதற்குள் கொம்பு ஊதிவிட்டது. ஆள் எடுக்கும் பிரட்டுக்கு அவர் கம்பளியைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் களைக்கொத்தோடு கிளம்பினார். போகிற வழியில் பள்ளிக்கூடத்து ஷெட்டைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டார்.

"வேலையை எடும்வே. மானம் பாக்காதையும். நீரு எடுக்கலேன்னா எவனாவது வருவான், வந்து ஆனா ஆவன்னாவிலே இருந்து தொடங்குவான். இதுக முன்னமே ரெண்டு வாத்தியார்கிட்ட ரெண்டு தடவை அதைத்தான் எழுதுச்சு. இனியும் எழுதணுமா?"

பின்சுவர் முழுவதும் கரியால் கட்டம் போட்டு, ஆவணி முதல் ஆடி வரை அவர் எழுதிவைத்திருந்தார். கொழுந்து மிகுந்து வரும் மாதங்களில் பெரிய பிள்ளைகள் மலைக்குப் போய்விடும். அந்த மாதங்களுக்குப் பழைய பாடம். கொழுந்து குறையும் தை, மாசியில் வகுத்தல், பின்னம். முடித்தவற்றுக்கு நேரே ஒரு கோடு. பங்குனிக் கட்டத்தில் பாதிதான் கோடு. அந்த மாதம் அவர் தன் பரீட்சைக்குப் படித்த மாதம். அதை எப்போது ஈடுகட்டுவது என்று வைகாசியில் எழுதி, அதற்கும் கோடு போட்டிருந்தார். ஆடிக்கு, சிலேட்டில் எழுத்து மட்டும். மழை தகரத்தில் விழும்போது வாய்ப்பாடு சொன்னால் காதில் ஏறாது.

ஆவணிக்குப் புதுக் கட்டம் நீர்தான் போடணும் என்றார். பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். வரிசையில் கடைசியாகப் போய் நின்றதை வாசலிலிருந்து பார்த்தேன். பக்கத்தில் நின்றவன் சாருக்கு இடம்விட்டு ஒதுங்கினான். கங்காணி ஒதுங்க வேண்டாம் என்றான்.

கணக்கப்பிள்ளை அந்த வழியாக வந்தபோது வேலைக்குச் சம்மதம் என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்து உட்கார்ந்தன. சார் எங்கே என்று ஒரு பெண் கேட்டது. மலைக்குப் போயிருக்கிறார் என்றேன். தகரத்தில் மழை இரைந்தது. சிலேட்டை எடுக்கச் சொன்னேன்.