மணியோடு ஒட்டிக்கொண்ட ரங்கநாதன்

எண்பதுகளின் கடைசியில் தில்லை நகர் கம்ப்யூட்டர் சென்டரில் என்னோடு வேலை பார்த்த மேடம், ஒரே ஒரு எழுத்து எழுதுவதற்கும் கரும்பலகையை மூலை விடாமல் துடைப்பார். மேதாவியான நான் கேலி செய்வேன்.

பில் போடும் புரோகிராமுக்கு ஆர்டர் தரலாமா என்று பார்க்க வந்தார், காந்தி மார்க்கெட் வியாபாரி மணி. நான் ‘சி’ மொழியில் எழுதிய புரோகிராம் அவர் பெயரை ஆங்கில எழுத்தில் ‘மணியநாதன்’ என்று அடித்தது.

“எங்கப்பா வெச்ச பேரு இது இல்லீங்களே!” என்று கிளம்ப எழுந்தார்.

“அதே இடத்துல முன்னாடி அடிச்ச ரங்கநாதன் இன்னும் எழுந்திருக்கலைங்க. உக்காருங்க, எழுப்பிடறேன்” என்ற மேடம், பெயருக்கான இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பி, பழையதை அழித்துவிட்டுத்தான் புதுப் பெயரை ஏற்றினார். ‘மணி’ சுத்தமாக வந்தது. ஆர்டரும் வந்தது.

“MANI-ங்கிற நாலு எழுத்துக்கு அவ்வளவு இடத்தையும் துடைக்கணுமா மேடம்?”

“நாளைக்கு மூணெழுத்துக்காரர் வந்தா என்ன பண்ணுவீங்க?”

மறுநாள் கரும்பலகையை நானே பெருமையாகத் துடைத்து வைத்தேன். மேடம் வந்து பார்த்தார். நான் விட்டிருந்த மூலையைத் துடைத்துவிட்டுப் போனார்.