கோபுரத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு

ஈனிட் செட்செல் முப்பது வருடம் பீட்கிழங்கு வயலில் குனிந்தவள். எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். சாமி நம்பிக்கை குறைவுதான். ஆனாலும் வெள்ளிதோறும் ஊர்த் தேவாலயத்தைப் பெருக்கியது அவள்தான்.

பல நூறு வருடங்களுக்கு முன் அதன் மணிக்கோபுரத்தின் கீழ்ப்பாதியைக் கட்டியவர்கள் நல்ல கொத்தர்கள். கொள்ளைநோயில் செத்தார்கள். மேல்பாதியை அறுபது வருடம் கழித்து யாரோ வேறு கல்லில் ஏற்றினார்கள். சேர்ந்த இடத்தில் விரிசல். பண்ணை முதலாளிகள் சதுப்பு நிலத்து நீரை வடிக்க வடிக்க மண் சுருங்கியது, விரிசல் வளர்ந்தது. கோபுரத்தைச் சோதிக்க வந்த பொறியாளர் அதன் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சாந்தில் பதித்திருந்தார். சுவர் நகர்ந்தால் சில்லு உடையும்.

ஒரு வெள்ளிக்கிழமை அது உடைந்திருந்தது. மறுவாரம் முழுசாக இருந்தது. சாந்து ஈரம். மணி அடிப்பவர்களின் தலைவன் ஹோரஸ் ஃபியரியைப் பிடித்தாள்.

"புதுசு ஒட்டுனது நீதானே?"

"கோபுரம்னா ஆடத்தான் செய்யும் ஈனிட். எங்க தாத்தா அடிச்சப்பவும் ஆடிச்சு."

"அப்ப பொறியாளர் கண்ணுல எதுக்கு மறைக்கிற?"

"பாத்தா கோபுரத்தப் பூட்டிருவான். சனிக்கிழம மூணு மணி நேரம் நிக்காம அடிக்கப்போறோம். கெடுத்துராத தாயே."

ஈனிட் சங்கத்துக்கு வந்து என்னிடம் சொன்னாள். பொறியாளருக்கு நான் கடிதம் போட்டேன். சனிக்கிழமை கழிந்து திங்கள்தான் வர முடியும் என்றார்.

கோபுரத்தின் ஆறு மணிகளில் கனமானதை இழுப்பவன் ஈனிட்டின் புருஷன் சிரில்.

"போகாத," என்றாள்.

"தொடப்பம் புடிக்கிறவ கோபுரத்துக்கு வைத்தியம் பாக்குறியா?"

"தொடப்பம் புடிக்கிறதாலதான்யா தெரியுது. போன வாரம் விரிசல்லேந்து ஒரு கை சுண்ணாம்பு உதிந்து கெடந்துச்சு. இந்த வாரம் ஒரு வாளி."

சிரில் சிரித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மதியம் ஈனிட் கோபுரப் படியில், சில்லின் எதிரே நின்றாள். தலைக்கு மேலே மணிகள் முழங்கின. ஒரு மணி நேரம் போனதும் சில்லு இரண்டாகப் பிளந்தது. சற்று நேரத்தில் அந்த இடைவெளியில் அவள் விரல் நுழைந்தது.

விரிசலுக்கு மேலே, கயிறு இழுக்கும் அறைக்கு ஏறினாள். கயிறு இழுப்பவர்கள் ஒரே சொல்லுக்குத்தான் நிற்பார்கள். அதைத் தலைவன் மட்டுமே சொல்லலாம்.

"நில்!" என்று கத்தினாள்.

பழகிய கைகள். ஆறு கயிறும் நின்றன.

"அதச் சொல்ல நீ யாருடி?" ஹோரஸின் முகம் சிவந்தது.

சிரில் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். மணிகள் ஓய்ந்த பிறகும் கல்லுக்குள் மணல் கொட்டும் சத்தம் ஓயவில்லை.

"எறங்குங்க. ஒவ்வொருத்தரா," என்றாள் ஈனிட்.

இருப்பது ஒரே படிக்கட்டு. அது விரிசலைத் தாண்டித்தான் இறங்குகிறது.