பந்துக்குப் பூசிய திருநீறு

ஸ்ரீமுஷ்ணத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். கம்பெனியில் பந்து எறிகிறான் என்று என் மாமா சொன்னார். அவர் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அது சரி, வேலை என்ன என்றார். அதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம் என்றார் மாமா. அந்த இடம் அமையவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்து கடலூர் மாவட்டத்தில் பேஸ்பால் எறிவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய ஆள் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் வரவில்லை.

என் தொழில் ஒரு குறையில்தான் தொடங்கியது. கிரிக்கெட்டில் நான் பந்து போட்டால் முழங்கை மடங்கும். மரத்து மாங்காய்க்குக் கல் எறிவதுபோல் எறிகிறவனை எங்கள் பக்கம் ‘மாங்கா’ என்பார்கள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் அதுவே என் பெயராகிவிட்டது. நான் போட்டால் ஸ்டம்ப் பறக்கும். உடனே அம்பயர் நோ பால் என்பார். நான் சண்டை போட்டுவிட்டு பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த பேட் என்னுடையது. அதனால்தான் என்னை அத்தனை நாள் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

2006இல் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வாரமே அங்கேயும் மாங்கா ஆனேன். ஆனால் பி.டி. மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ செய்கிற தப்பையே ஓர் ஆட்டமாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டார். உள்ளே இரும்புக் கம்பி வைத்த ஒரு மாஸ்க்கும் சில கிளவுஸ்களும் எலி கடித்த ஒரு விதிப் புத்தகமும் இருந்தன. பேஸ்பாலைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அதில் முழங்கையை மடக்கலாம் என்பதுதான். எனக்கு அது போதும்.

பந்தை எறிகிறவன் பிட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பிடிக்கிறவன் கேட்சர். என் கேட்சராக வந்தவர்கள் எல்லாரும் இரண்டு பந்திலேயே கையை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். நின்றவன் ஒருவன்தான். கடலூர் முதுநகர்க்காரன், என் வகுப்பு, தினமும் என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவன். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அவன் அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை, சர்ச்சில் பெண்கள் ஜெபக் குழுவுக்கும் அவர்தான் தலைவி. தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா.

எங்கள் ஊர் வெயிலில் உள்ளங்கை காய்வதே இல்லை. கடல் காற்று வேறு. பந்து கையை விட்டு நழுவி எங்கெங்கோ போனது. பிட்சர் கை வழுக்காமல் இருக்க, பொடி அடைத்த ஒரு துணிப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று விதிப் புத்தகத்தில் போட்டிருந்தது. என்ன பொடி என்கிற இடத்தைத்தான் எலி தின்றிருந்தது. முகப் பவுடர் போட்டுப் பார்த்தோம், வழுக்கல் ஜாஸ்தியானது. கோதுமை மாவு பசையாகிவிட்டது. ஒருநாள் எரிச்சலில், அம்மா என் பைக்குள் மடித்து வைத்திருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டேன். பந்து விரலில் ஒட்டி உட்கார்ந்து, விட்டதும் நேராகப் போனது.

அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் திருநீறு வேண்டும் என்று கேட்டேன். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதே என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. மறுநாளே ஒரு சுருக்குப் பை தைத்து நிறைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. பந்தில் ஒட்டிய திருநீறு மச்சான் கைக்குப் போனது. அவன் பந்தை எடுத்துத் திருப்பி எறிவான், மாஸ்க்கைத் தூக்குவான், அதே கையின் மூன்று விரலால் நெற்றி வியர்வையை வழித்துவிடுவான். சாயங்காலத்துக்குள் அவன் நெற்றியில் அழகாக மூன்று கோடு விழுந்திருக்கும். நான் பார்ப்பேன், ஆனால் சொல்ல மாட்டேன். பையன் லட்சணமாகத்தான் இருந்தான்.

டீச்சரம்மாவும் பார்த்தார். ஒருநாள் பார்த்தார், ஒரு வாரம் பார்த்தார், அப்புறம் எனக்கு ஆள் அனுப்பினார். போனால் நாற்காலியில் உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, நான் சாப்பிட்டு முடித்ததும் கேட்டார்.

“தம்பி, உண்மைய சொல்லு. சிதம்பரத்துல பொண்ணு யாரு?”

பெண் யாரும் இல்லை, பந்து வழுக்குகிறது, அதற்காகத் திருநீறு என்று நான் விளக்கினேன். கையால் எறிந்துகூடக் காட்டினேன். அவர் முகம் அசையவே இல்லை.

“இருவது வருஷமா புள்ளைங்க சொல்ற பொய்ய கேட்டுக்கிட்டு இருக்கேன். பந்துக்குத் திருநீறுன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்ல.”

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக் குழுப் பெண்கள் மொத்தமாக வந்து மச்சானை நடுவில் முழங்காலில் நிறுத்தி ஜெபித்தார்கள். இல்லாத அந்தப் பெண்ணுக்கும் நல்ல புத்தி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்களாம். அதற்குப் பிறகு மச்சான் ஈரத் துண்டு ஒன்று கொண்டுவந்து, பஸ் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொள்வான். அப்படியே மூன்று வருஷம் ஓட்டினோம்.

படிப்பு முடிந்த சமயம், முதுநகருக்குத் தெற்கே தொழிற்பேட்டையில் ஒரு சாயப்பொடி கம்பெனி பேஸ்பால் டீம் ஆரம்பித்தது. மேனேஜர் இயந்திரம் வாங்க ஜப்பான் போய், அங்கே கிழவர்கள்கூட இந்த ஆட்டத்தைப் பார்ப்பதைக் கண்டு வந்தவர். அந்த ஜப்பான்காரர்கள் அடுத்த வருஷம் நம் கம்பெனிக்கு வருகிறார்கள், அவர்களுக்கு ஓர் ஆட்டம் காட்ட வேண்டும் என்று எங்கள் இருவரையும் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நன்றாக ஆடினால் நிரந்தரம், சொதப்பினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய முதல் ஆள் நான். அப்பா அதைப் பார்ப்பதற்காகவே காலையில் வாசல்வரை வருவார்.

ஆட்டம் ஒரு மே மாதத்தில். எதிரே புதுச்சேரி டீம். சாமியானா பந்தலில் ஜப்பான்காரர்கள் நான்கு பேர். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில், வெள்ளைப் புடவையும் கறுப்புக் குடையுமாக டீச்சரம்மா. மச்சான் ஓடி வந்தான்.

“மச்சான், இன்னிக்கி அந்தப் பை வாணாம்டா. அம்மா வந்துருக்கு. நெத்தியில ஒரு கோடு பாத்தாலும் வேலைக்கே போவ வாணாம்னு சொல்லிடுச்சி.”

சுருக்குப் பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் டீச்சரம்மாவிடம் கொடுத்தான். அவர் அதை விரல் நுனியால் வாங்கி, ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். எனக்கு வந்த கோபத்தில் அவனோடு பேச்சையே விட்டுவிடலாம் என்றிருந்தது.

பிறகு எறிய ஆரம்பித்தேன். முதல் பந்து மச்சான் தோளில் அடித்தது. இரண்டாவது சாமியானாவுக்குள் போய் டீ கேனைச் சாய்த்தது. பிட்சர் நான்கு பந்து தப்பாக எறிந்தால் மட்டைக்காரன் சும்மாவே நடந்து முதல் தளத்துக்குப் போய்விடலாம். மூன்று பேர் அப்படி நடந்து போய் மூன்று தளங்களிலும் நின்றுகொண்டார்கள். இன்னும் ஒருவன் நடந்தால் அவர்களுக்கு ஒரு ரன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். நான் கையைப் பேண்ட்டில் தேய்த்தேன், மண்ணில் தேய்த்தேன். வியர்வை ஊறிக்கொண்டே இருந்தது.

அடுத்த பந்து தரையில் குத்தி மச்சானின் தொடையில் இறங்கியது. அவன் மண்டியிட்டபடி கொஞ்ச நேரம் எழவில்லை. எழுந்து, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். என் பந்தை வேறு யாரும் பிடிக்காதபோது நின்று பிடித்தவனை நானே அடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போதுதான் டீச்சரம்மா எழுந்தார். குடையை விரித்துப் பிடித்தபடி மைதானத்துக்குள் நேராக நடந்து வந்தார். ஆட்டத்துக்கு நடுவே யாரும் வரக்கூடாது என்று அம்பயர் குறுக்கே வந்தார். அவர் அம்பயரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அம்பயர் ஒதுங்கி நின்றார். என் முன்னால் வந்து ஹேண்ட்பேக்கைத் திறந்தார். உள்ளே பைபிள், மூக்குக் கண்ணாடிக் கூடு, அதன்மேல் என் சுருக்குப் பை.

“இந்தா. நல்லா பூசிக்க. எம் புள்ள உசுரோட வீட்டுக்கு வரணும்.”

பூசிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் பூசிக்கொண்டேன். பந்தையும் வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் வந்த மூன்று மட்டைக்காரர்களும் காற்றைத்தான் அடித்தார்கள். ஜெயித்தோமா என்று எல்லாரும் கேட்பார்கள். இல்லை, ஒரு ரன்னில் தோற்றோம். ஆனால் ஜப்பான்காரர்களில் பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார், தன் கையில் ஒட்டிய சாம்பலை முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார். மேனேஜர் அவரிடம் இது எங்கள் ஊர்ப் பொடி என்று சொன்னார். அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் நிரந்தர ஆர்டர் வந்தது. ஆட்டம் முடிந்தபோது மச்சான் நெற்றியில் மூன்று கோடும் எப்போதையும்விடத் தடித்து இருந்தது. டீச்சரம்மா அதைத் துடைக்கவில்லை, தோளில் வீங்கியிருந்த இடத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து சுருக்குப் பை அவரிடமே இருந்தது. நான் மறந்து வைத்துவிட்டு வந்துவிடுவேனாம், என்னை நம்ப முடியாதாம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வருவார், பைபிளுக்கு மேலிருந்து அதை எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் எண்ணிக் கொடுத்த பொருளைப்போல் வாங்கி வைத்துக்கொள்வார். இரண்டாவது வருஷக் கடைசியில் அடித்த புயல் மைதானத்து வலையைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று. மேனேஜருக்கும் மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் கிரிக்கெட் ஆள். டீமைக் கலைத்து என்னை ஸ்டோருக்கும் மச்சானை டிஸ்பாட்சுக்கும் அனுப்பிவிட்டார்.

டீம் கலைந்தது தெரிந்ததும் டீச்சரம்மா எனக்கு ஆள் அனுப்பினார். போனபோது நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சுருக்குப் பையை மேசையில் நகர்த்தினார். எடுத்தேன், கனமாக இருந்தது. கடைசி ஆட்டத்தில் அது பாதிகூட இல்லை, என் அம்மாவும் நிறைத்துத் தரவில்லை. நான் பையையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவர் பேனாவை வைத்தார்.

“திருப்பாதிரிப்புலியூர்ல, கோயில் வாசல் கடையில வாங்குனேன். இது உங்களுக்கு எதுக்கும்மான்னு கேட்டான். பந்துக்குன்னு சொன்னேன்” என்றார். “அவன் நம்பல, தம்பி.”